கைவிடப்பட்ட சுரங்கத்தின் வடிகால் பாதையில் இடுப்பளவுத் தண்ணீர்தான் நிற்கிறது. எனக்கு நீச்சல் தெரியும். டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்க்கலாமா?

தனியாக என்றால் வேண்டாம். இப்படிப்பட்ட பாதைகளுக்குள் பல வருடங்களாகக் குழுவோடு போய்வருகிறேன். அங்கே நீச்சல் பெரிதாகக் கைகொடுக்காது.

பயப்பட வேண்டியது முதலில் காற்றுக்குத்தான். மக்கும் மரமும் கந்தகம் கலந்த இரும்புத் தாதுவும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளியே 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5க்குக் கீழே இறங்கினால் நாங்கள் பேச்சில்லாமல் திரும்பிவிடுவோம். தேங்கிய சேற்றைக் கால் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிளம்பலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘அப்பாடா, போய்விட்டது’ என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் விழுவார். காற்றழுத்தம் குறையும் நாளில் உள்ளறைகளில் அடைந்து கிடந்த கெட்ட காற்று பாதைக்குள் வரும். நேற்று நன்றாக இருந்த இடத்தை இன்று நம்ப முடியாது. கேஸ் டிடெக்டர் இல்லாமல் வாசலைத் தாண்டவே கூடாது.

அப்புறம் தரை. இரண்டடி வைத்தால் துருநிறச் சேறு கலங்கி, கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கீழே ஆழமான குழியை மூடிய பலகை உளுத்துக் கிடக்கலாம். கம்பால் குத்திப் பார்த்துத்தான் அடுத்த அடி.

எனக்கு மிகவும் பயம் தருவது பாதையை அடைத்துக் கிடக்கும் இடிந்த குவியல். அதன் பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று இந்தப் பக்கம் நின்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் 1881இல் வெட்டி முடித்த மேக்பை சுரங்க வடிகால் 1962இல் இடிந்து அடைத்துக்கொண்டது. பின்னால் சேர்ந்த தண்ணீர் 1966இல் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 2015இல் அமெரிக்காவின் கோல்டு கிங் சுரங்கத்தில், எந்திரங்களோடு வந்த அரசுக் குழு வாய்ப்பகுதியைத் தோண்டியபோதே 1 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் கொட்டி அனிமஸ் ஆறு மஞ்சளானது. அதனால் கசியும் குவியலில் ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள்.

ஆசை எனக்குப் புரிகிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1748இல் தொடங்கிய சுரங்க வடிகால் வலை 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அந்தக் காலத்து ஆட்கள் கையாலேயே குடைந்த சுவரில் உளித்தடத்தைத் தொட்டுப் பார்ப்பது பெரிய பாக்கியம். சுரங்க ஆய்வுக் குழு ஒன்றில் சேருங்கள், நில உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள், திரும்பும் நேரத்தை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மழை பெய்கிற நாள் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.