வாசகர் கேள்வி: 'கோ'வா, 'கோஸ்'ஸா?

கேள்வி: ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தும், சாதாரண நிகழ்காலத்தில் வாக்கியம் அமைக்கும்போது தடுமாறுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: 'போகிறேன்' என்ற ஒரே வடிவம் தமிழில் வழக்கத்தையும் இப்போது நடப்பதையும் குறிப்பதால், 'ஐ கோ' அன்றாட வழக்கத்துக்கும் 'ஐ ஆம் கோயிங்' இந்நேரத்துச் செயலுக்கும் உரியவை என்ற வேறுபாடு நமக்கு எளிதில் நழுவிவிடுகிறது. வினைச்சொற்களைத் தனித்தனியாகப் படிக்காமல், 'ஐ வாட்ச், ஷி வாட்சஸ்', 'ஐ ஹேவ், ஷி ஹேஸ்' என இணையாகவே எழுதிப் பழகுங்கள். பலரும் சறுக்குவது கேள்வியிலும் எதிர்மறையிலும்தான்: 'டஸ்' வந்துவிட்டால் 'எஸ்' ஒலியை அதுவே ஏற்றுக்கொள்வதால், 'டஸ் ஷி கோஸ்' என்பது தவறு, 'டஸ் ஷி கோ' என்பதே சரி. 'அறிதல்' என்று பொருள்படும் 'நோ' (know) போன்ற மனநிலை வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. 'ஐ ஆம் நோயிங்' என்று எவ்வளவு சரளமாகச் சொன்னாலும் பிழையே.