கேள்வி பதில்: யார் குடுமி யார் கையில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கா, சீனா பற்றித்தான். சேலத்துக்காரர்களுக்கு இதில் இவ்வளவு அக்கறை இருப்பது எனக்குச் சந்தோஷம். ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவும் சீனாவும் ஒருநாள் வரி போட்டு அடித்துக்கொள்கிறார்கள், இன்னொரு நாள் கைகொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சமாதானம் ஆகிவிட்டார்களா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
(விசைத்தறி வைத்திருப்பவர், அம்மாபேட்டை)

இல்லை.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன், ஆனால் அதோடு விட மனசு வரவில்லை. 2025 ஏப்ரலில் என்ன நடந்தது என்று பாருங்கள். சீனச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட புது வரி சில நாட்களுக்குள் 145 சதவீதத்துக்குப் போனது, பதிலுக்குச் சீனா 125 சதவீதம் போட்டது. இந்த அளவு வரி என்றால் அது வரியே இல்லை, கடையைப் பூட்டுவது. மே மாதம் ஜெனீவாவில் உட்கார்ந்து பேசி, 90 நாளைக்கு என்று சொல்லி, 30க்கும் 10க்கும் இறக்கினார்கள். அப்புறம் லண்டன், ஸ்டாக்ஹோம், மாட்ரிட் என்று ஊர் ஊராகப் பேச்சு. அக்டோபரில் மறுபடி முறுக்கிக்கொண்டு, காந்தம் செய்யத் தேவையான அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைச் சீனா விரித்தது, டிரம்ப் இன்னும் 100 சதவீதம் வரி என்றார். கடைசியில் அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்து, ஃபென்டனில் போதைப்பொருளைக் காரணம் காட்டிப் போட்ட 20 சதவீத வரி பாதியானது, சீனா தன் புதுக் கட்டுப்பாட்டை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது.

நிறுத்தி வைத்தது, ரத்து செய்யவில்லை. அப்போது இந்த ஏற்பாட்டுக்கு வைத்த கெடு 2026 நவம்பர் 10. குடுமிப்பிடி சண்டையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடியைத் தளர்த்தினால்தான் யாருக்கும் வலிக்காது. இங்கே தளர்த்தியிருக்கிறார்கள், கையை எடுக்கவில்லை.

எழுதிக் கையெழுத்துப் போட்டதைக்கூட முழுசாக நம்ப முடியாது என்பதற்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 2020 ஜனவரி 15 அன்று வெள்ளை மாளிகையில் முதல் கட்ட ஒப்பந்தம் போட்டார்கள். 2017இல் வாங்கியதற்கு மேல், இரண்டு வருடத்தில் 20,000 கோடி டாலருக்குக் கூடுதலாக வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. கொரோனாவும் குறுக்கே வந்தது, சரி. ஆனால் அந்தக் கூடுதல் கொள்முதல் நடக்கவே இல்லை.

இவ்வளவு பகை இருக்கும் இரண்டு நாட்டுக்குள் இவ்வளவு வியாபாரம் எப்படி வந்தது?
(கல்லூரி மாணவி, ஓமலூர்)

பகையை ஒதுக்கி வைத்துப் பேசக் கற்றுக்கொண்டதால் வந்தது. 1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் பாகிஸ்தானுக்குப் போன இடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ரகசியமாகப் பெய்ஜிங் போய் வந்தார். அடுத்த பிப்ரவரியில் அதிபர் நிக்சனே போனார். அந்தப் பயணத்தின் முடிவில் ஷாங்காயில் வெளியிட்ட கூட்டறிக்கையை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. எதில் ஒத்துப்போகவில்லையோ அதை மறைக்காமல், அமெரிக்கா சொல்வது இது, சீனா சொல்வது இது என்று தனித்தனியாகவே எழுதிவிட்டார்கள். தைவானும் அதில் உண்டு. முழுசாக ஒத்துப்போனால்தான் பேசுவேன் என்று நின்றிருந்தால் இன்றைக்கும் பேசியிருக்க மாட்டார்கள். 1979 ஜனவரி 1இல் தூதரக உறவு, 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, அதன் பிறகு வியாபாரம் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது.

வரியை யார்தான் கட்டுகிறார்கள்? விற்பவரா, வாங்குபவரா?
(காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு)

துறைமுகத்தில் கட்டுவது இறக்குமதி செய்பவர். அவர் விலையைக் குறைக்கச் சொல்லி விற்பவரை நெருக்குவார், மீதியைத் தன் ஊர்க்காரர் தலையில் வைப்பார். உங்கள் பயிரே இதற்குச் சாட்சி: அமெரிக்காவில் காப்பி விலை ஏறி வீட்டுக்கு வீடு புலம்பல் கிளம்பியதும், 2025 நவம்பரில் காப்பி, தேயிலை, வாழைப்பழத்தையெல்லாம், மற்ற நாட்டுச் சரக்கு மேல் தாங்கள் போட்ட 'பரஸ்பர வரி'யிலிருந்து அவர்களே விலக்கிவிட்டார்கள்.

அரிய மண் தாது என்கிறார்களே, அதை வைத்து அமெரிக்காவையே சீனா எப்படி மடக்க முடிகிறது? நம் வெள்ளைக்கல்லுக்கு (மேக்னசைட்) அப்படி ஒரு மதிப்பு வராதா?
(சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கருப்பூர்)

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் மேட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

சீனாவிடம் தாது இருப்பதைவிடப் பெரிய விஷயம், அதைச் சுத்திகரித்துக் காந்தமாக்கும் வேலை. உலகச் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேதான் நடக்கிறது. 2025 ஏப்ரல் 4 அன்று ஏழு தாதுக்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டு கட்டாயம் என்றார்கள். அடுத்த மாதமே சிகாகோவில் ஃபோர்டு கார் ஆலை ஒரு வாரம் நின்றது. கட்டை விரல் அளவு காந்தம் இல்லாமல் முழுக் கார் நிற்கும், மின்சார ஸ்கூட்டர் மோட்டாரும் நிற்கும்.

அமெரிக்காவிடம் சுரங்கம் இல்லாமலில்லை. கலிஃபோர்னியாவில் மவுண்டன் பாஸ் என்ற ஒரே சுரங்கம் 1980கள் வரை இதில் கொடிகட்டிப் பறந்தது. கழிவுநீர்ப் பிரச்சினை ஒரு பக்கம், சீனத்து மலிவு விலை ஒரு பக்கம், 2002இல் மூடினார்கள். இன்றைக்கு அதே சுரங்கத்தைத் தூக்கி நிறுத்த, அமெரிக்க ராணுவத் துறையே பங்கு வாங்கி, விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் மிச்சத்தை நாங்கள் தருகிறோம் என்கிறது. மூடும்போது மிச்சப்படுத்திய காசைவிடத் திறக்க ஆகும் செலவு பெரிசு.

வெள்ளைக்கல் விஷயமும் பக்கத்தில்தான் வருகிறது. எஃகு உலையின் உள்பக்கச் செங்கலுக்கு மேக்னசைட் வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகில் அதை அதிகம் வெட்டுவதும் சீனாதான், நம் உலைகளுக்கும் அங்கிருந்து சரக்கு வருகிறது. அரிய மண் அளவுக்கு நம் கல்லுக்குக் கிராக்கி வராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக நம் சுரங்கத்தையும் அதில் வேலை தெரிந்த ஆட்களையும் கைகழுவக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில்கூட அரிய மண் அடங்கிய மோனசைட் என்ற தாது இருக்கிறது. மண்ணில் கிடப்பது வேறு, அதைக் காந்தமாக்கிக் கையில் கொடுப்பது வேறு. சீனா பல வருடம் பாடுபட்டது இரண்டாவதற்கு.

அவர்கள் சண்டையில் மக்காச்சோளம் போட்டிருக்கும் நமக்கு என்ன பாதிப்பு?
(விவசாயி, தலைவாசல்)

நேரடியான பாதிப்பு உங்களுக்குத்தான், அண்ணா. 2025இல் பல மாதம் அமெரிக்க சோயாவைச் சீனா வாங்கவில்லை, பிரேசில் பக்கம் போய்விட்டது. பூசானுக்குப் பிறகு அந்த வருடக் கடைசிக்குள் 1.2 கோடி டன், அடுத்த மூன்று வருடம் வருடத்துக்கு 2.5 கோடி டன் என்று சீனா சொன்னதாக அமெரிக்கா அறிவித்தது. இருந்தாலும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்க முடியாது என்று அங்குள்ள விவசாயி பயந்துவிட்டார், வேறு சந்தை தேடச் சொல்லித் தன் அரசை நெருக்குகிறார். அந்தத் தேடலில் நம் பெயரும் வருகிறது. 140 கோடிப் பேர் இருந்தும் இந்தியா ஏன் அமெரிக்க மக்காச்சோளம் வாங்குவதில்லை என்று அவர்களுடைய வர்த்தக அமைச்சரே வெளிப்படையாகக் கேட்டார்.

அங்கே விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றப் பயிர், நம் நாடு அதற்குக் கதவைத் திறக்கவில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் தீவனம் மலிவாக வந்தால் தேவலை என்பார், அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் மானாவாரியில் மழையை நம்பி விதைப்பவரையும், ஆயிரக்கணக்கான ஏக்கரில் அரசு மானியத்தோடு விதைப்பவரையும் ஒரே சந்தையில் மோதவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியா, அமெரிக்கா பேச்சுவார்த்தைச் செய்தி வந்தால் வரி எத்தனை சதவீதம் என்ற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். உள்ளே வேளாண் பொருள் பட்டியல் இருக்கும், அதில் மக்காச்சோளமும் தீவனமும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள், அதையே அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.