காய்வள்ளி: காய்ந்த கொடியைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: விதைத் திருவிழாவில் வாங்கிய காய்வள்ளியை (கொடியிலேயே உருளைக்கிழங்கு போலக் காய்க்கும் வள்ளிக்கிழங்கு வகை) ஆடியில் மாடித்தோட்டத்துப் பையில் நட்டேன். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தும் மூன்றே காய்கள்தான் பிடித்தன. மார்கழியில் இலையெல்லாம் மஞ்சளாகி, இப்போது கொடியே காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. காய் விஷம் என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்? (மதுரை வாசகி)

பதில்: முதல் வேலையாகத் தண்ணீரை நிறுத்துங்கள். கொடி சாகவில்லை. காய்வள்ளியும் அதன் இனக் கொடிகள் பலவும் ஆண்டுக்கு ஒருமுறை இப்படிக் காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அந்தச் சமயத்தில் ஊற்றும் தண்ணீரை உறிஞ்ச இலையும் இல்லை, வேரும் இல்லை. கிழங்கு அழுகுவதுதான் மிச்சம். காய்ந்த கொடியை அடியில் அரையடி விட்டு வெட்டிவிட்டு, பையை மழை படாத இடத்தில் ஓரமாக வையுங்கள். பங்குனி, சித்திரையில் தானாக முளை எட்டிப் பார்க்கும்.

காய் குறைந்ததற்குக் காரணம், எனக்குத் தெரிந்தவரை, அந்த ஆடிதான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மற்ற பயிர்களுக்குச் சரி. காய்வள்ளிக்கு அது பிந்திய பட்டம். பகல் பொழுது சுருங்கிவரும் புரட்டாசி, ஐப்பசியில் இலைக்கணுக்களில் காய் திரளும். அதற்குள் கொடி நன்றாகப் படர்ந்து மாவுச்சத்தைச் சேர்த்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நட்டால் நான்கைந்து மாதம் கிடைக்கும். உங்கள் கொடிக்கு இரண்டு மாதம்தான் கிடைத்தது. அப்புறம், சின்னக் காயிலிருந்து வந்த கொடி முதல் ஆண்டு பெரும்பாலும் அடிக்கிழங்கைப் பெருக்கவே பாடுபடும். அதைத் தோண்டாமல் விட்டால் அடுத்த ஆண்டு வேகமே வேறு. பை 15 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நல்ல வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும்.

விஷம் என்றவரையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. காட்டில் தானாக வளரும் காய்வள்ளி பலவும் கடுங்கசப்பு. அந்தக் கசப்புப் பொருள்கள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. வீட்டில் வளர்ப்பது கசப்பு நீங்கிய ரகமாக இருக்க வேண்டும். அதனால் விதைக்காய் வாங்கும்போது, "நீங்கள் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்று விற்பவரிடம் கேட்பதே என் வழக்கம். உங்களிடம் இருப்பதில் ஒன்றைத் தோல் சீவி நன்றாக வேகவைத்து, கடுகளவு நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, மீதியை வீசிவிடுங்கள். நாலு தண்ணீர் மாற்றி வேகவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கசக்காத ரகத்தையும் பச்சையாகத் தின்னக் கூடாது. தோல் சீவும்போது கை அரிக்கலாம், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வறுவலுக்கும் புளிக்குழம்புக்கும் அருமையாக இருக்கும். உருளையை விடக் கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் வழுவழுப்பு.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வள்ளிப் பெயர்கள் ஊருக்கு ஊர் குழம்பிக் கிடக்கின்றன. கொடித்தண்டு உருண்டையாக, வெற்றிலை போன்ற இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வந்தால் காய்வள்ளி. தண்டு சதுரமாக, ஓரங்களில் இறக்கை போல விளிம்பு ஓடி, இலைகள் எதிரெதிரே வந்தால் அது பெருவள்ளி. அதுவும் கொடியில் சின்னக் காய் விடும். ஆனால் அதில் முக்கிய விளைச்சல் மண்ணுக்குள்தான். ஆண்டு முடிவில் அதைத் தோண்டியே ஆக வேண்டும்.

காய் முற்றினால் தொட்டதும் கையோடு வரும். கீழே உதிர்ந்தவற்றையும் பொறுக்கிவிடுங்கள். 1905-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போன இந்தக் கொடி இப்படி உதிர்ந்த காய்களாலேயே பரவி, இன்று அங்கே மரங்களை மூடும் களையாக இருக்கிறது. காய் கசக்கவில்லை என்றால், உங்கள் மூன்று காய்களில் பெரியதை விதைக்கு வைத்துக்கொண்டு, காற்றோட்டமான நிழலில் மணலில் போட்டு வையுங்கள். முளை விட்டதும் அதைத் தனிப் பையில் நடலாம்.