முயலுக்கு எந்த .22 தோட்டா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறேன். பல்லாரட் பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் நண்பர், நிலத்தைக் குடைந்து தள்ளும் முயல்களைச் சுடச் சொல்லி எழுத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்டகிரி ஏ துப்பாக்கி உரிமமும், ஸ்கோப் பொருத்திய .22 எல்.ஆர். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும் இருக்கின்றன. கடைக்குப் போனால் சப்சோனிக், ஸ்டாண்டர்ட், ஹை வெலாசிட்டி, ஹைப்பர் என்று அலமாரி நிறையப் பெட்டிகள். கடைக்காரர் வேகமானதைத்தான் எடுக்கச் சொல்கிறார். நண்பரோ .22-ஐ விற்றுவிட்டு .17 எச்.எம்.ஆர். வாங்கு என்கிறார். சுட்ட முயலைச் சமைத்துச் சாப்பிடவும் ஆசை. எதை வாங்குவது?

பதில்: ரைஃபிளை விற்க வேண்டாம். 40 கிரெயினோ அதை ஒட்டிய எடையோ உள்ள (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) சப்சோனிக், அதாவது ஒலியைவிட மெதுவாகப் போகும், ஹாலோ பாயின்ட் தோட்டாவை வாங்குங்கள். ஆனால் முதல் தடவையே 500 தோட்டா அடங்கிய ‘பிரிக்’கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சிசிஐ, எலே, வின்செஸ்டர் மூன்றிலும் இந்த வகை உண்டு. ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்று போதும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். பெட்டியில் போட்டிருக்கும் எண், குண்டு குழலை விட்டு வெளியே வரும்போது நொடிக்கு எத்தனை அடி போகிறது என்பது. சப்சோனிக்குக்கு ஏறக்குறைய 1,050. சாதாரண ஹை வெலாசிட்டிக்கு 1,250 பக்கம். ஹைப்பர் வகையில் பேர்போன சிசிஐ ஸ்டிங்கருக்கு 1,640; ஆனால் அதன் குண்டு 32 கிரெயின்தான். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி வெயிலில் நொடிக்குச் சுமார் 1,125 அடி. இந்தக் கோட்டுக்குக் கீழே கிளம்பும் குண்டு ‘டப்’ என்ற சிறு சத்தத்தோடு போய்விடும். கோட்டைத் தாண்டிய குண்டு, வழி நெடுக சாட்டையடி போல ஒரு வெடிப்புச் சத்தத்தை இழுத்துக்கொண்டு போகும்.

முயல் வேட்டையில் அந்தச் சாட்டையடிதான் காரியத்தைக் கெடுக்கும். வளைக்குப் பக்கத்தில் ஆறேழு முயல் மேய்ந்துகொண்டிருக்கும். சப்சோனிக்கில் ஒன்று விழுந்தால், மற்றவை காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பல நேரம் அங்கேயே நிற்கும். ஹை வெலாசிட்டி என்றால் அத்தனையும் வளைக்குள் போய்விடும். விக்டோரியாவில் சிறப்பு அனுமதி இல்லாமல் சைலன்சர் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே சத்தத்தைக் குறைக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே வழி தோட்டாத் தேர்வுதான்.

சரி, வேகமான குண்டு தூரமாகவாவது நேராகப் போகுமே என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 50 மீட்டரில் குறி பார்த்து வைத்த சப்சோனிக் குண்டு, 75 மீட்டரில் நாலு விரல் அகலம் கீழே இறங்கும். 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண். ஹை வெலாசிட்டியும் 100 மீட்டரில் முக்கால் சாண் அளவுக்கு இறங்கத்தான் செய்கிறது. இவ்வளவு சத்தத்துக்குக் கிடைக்கும் லாபம் இரண்டு மூன்று விரல்தான்.

காற்று விஷயத்தில் கதை இன்னும் தலைகீழ். பக்கவாட்டில் காற்றடித்தால் 100 மீட்டரில் ஹை வெலாசிட்டி குண்டுதான் அதிகம் ஒதுங்கும். நம்பச் சிரமமாக இருக்கும், எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது, அது பறக்கும் நேரத்தைப் பொறுத்தது அல்ல. போகும் வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் காற்றின் எதிர்ப்பு சடாரென்று கூடுகிறது. 1,250-இல் கிளம்பிய குண்டு அந்தப் பகுதிக்குள் புகுந்து மளமளவென்று வேகத்தை விடுகிறது. 1,050-இல் கிளம்பியது அந்தச் சண்டைக்கே போவதில்லை. பல்லாரட் சமவெளியில் காற்று இல்லாத மாலை எத்தனை வரும் என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள்.

அடுத்து குண்டின் மூக்கு. மூக்கு உருண்டையான முழு ஈயக் குண்டு முயலைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். உடலில் பட்டால் முயல் உடனே சாகாமல் வளைக்குள் ஓடிவிடும். ஹாலோ பாயின்டின் மூக்கில் ஒரு குழி இருக்கிறது. பட்டதும் விரிந்து, தன் சக்தியை உள்ளேயே இறக்கிவிடும். வேகம் குறைந்த சப்சோனிக்கில் இந்த விரிவு ஒவ்வொரு தடவையும் முழுசாக நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் எந்தத் தோட்டா போட்டாலும் குறி தலைதான். கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவே, எலுமிச்சம்பழம் அளவு இடம். அங்கே பட்டால் முயலுக்கு வலி தெரியவே நேரம் இருக்காது. கறியும் ஈயத் துணுக்கு இல்லாமல் சுத்தமாகக் கிடைக்கும்.

பல வருடங்களுக்கு முன் ஹை வெலாசிட்டி குண்டை நம்பி 90 மீட்டர் தள்ளி நின்ற முயலைச் சுட்டேன். பின்தொடையில் பட்டது. இழுத்துக்கொண்டே வளைக்குள் போய்விட்டது. இருட்டும் வரை மண்வெட்டியால் தோண்டியும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து .22-க்கு 70 மீட்டரைத் தாண்டி நான் சுடுவதில்லை.

இனி, ஏன் மூன்று பெட்டி. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பொறி தரும் மருந்து, கூட்டின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. தயாரிக்கும்போது ஈரமாக உள்ளே விட்டு, சுழற்றி விளிம்பு முழுக்கப் பரப்புவார்கள். அது ஒரே சீராகப் பரவுவது கடினம். ஆகவே ஒரே கம்பெனியின் தோட்டாவே ஒரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) இன்னொரு லாட்டுக்கும் வித்தியாசப்படும். ரைஃபிள்களும் அப்படித்தான், என் குழலுக்குப் பிடித்த தோட்டாவை உங்கள் குழல் கண்டபடி சிதறடிக்கலாம். காற்று ஓய்ந்த ஒரு காலையில், மணல் மூட்டை மேல் ரைஃபிளை வைத்து, 50 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். தோட்டா வகையை மாற்றியதும் முதல் பத்துப் பன்னிரண்டு குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேல் இருக்கும் மெழுகும் எண்ணெயும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, குழல் புதியதற்குப் பழக வேண்டும். ஐந்து ஓட்டையும் இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கினால் அதுதான் உங்கள் தோட்டா. பெட்டியில் இருக்கும் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதே எண்ணில் பிரிக் வாங்குங்கள்.

பிறகு மணல் மூட்டையை எடுத்துவிட்டு, வயலில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, உட்கார்ந்தோ வேலிக்கம்பத்தில் சாய்ந்தோ அதே ஐந்தைச் சுட்டுப் பாருங்கள். எந்தத் தூரம் வரை ஐந்தும் எலுமிச்சம்பழத்துக்குள் விழுகிறதோ, அதுவே உங்கள் எல்லை. 40 மீட்டர் என்றால் 40 மீட்டர். அதற்குள் ஊர்ந்து போகக் கற்றுக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்ன .17 எச்.எம்.ஆர். 2002-இல் வந்தது. 17 கிரெயின் குண்டு, நொடிக்கு 2,550 அடி. 120, 130 மீட்டர் வரை ஏறக்குறைய நேர்க்கோடுதான். நண்பரே பண்ணையைக் காக்க, கறியைப் பற்றிக் கவலைப்படாமல் சுடுவதென்றால் அருமையான தோட்டா. ஆனால் விலை கூடுதல், சத்தம் பெரிது. உடலில் பட்டால் அந்தப் பக்கத்துக் கறி குழம்புக்கு ஆகாது. .22 எல்.ஆரைவிட வலுவான .22 மேக்னம் தோட்டா நரிக்கு நல்லது, முயலுக்குத் தேவையில்லை. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: சாதா .22 எல்.ஆர். தோட்டாவை மேக்னம் ரைஃபிளில் போடவே கூடாது. எல்.ஆர். கூடு மேக்னம் கூட்டைவிட ஒல்லி. அறைக்குள் இறுக்கமாக உட்காராமல் வெடித்துக் கிழியும்.

.17-க்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அதன் குண்டு மண்ணில் பட்டதும் பெரும்பாலும் நொறுங்கிவிடும். சப்சோனிக் .22 அப்படி இல்லை. கோடையில் இறுகிய களிமண், கல், பண்ணைக் குட்டையின் தண்ணீர், எதில் பட்டாலும் தெறித்து எழும்பிப் போகும். பெட்டியிலேயே ஒன்றரை மைல் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர். ‘சின்ன .22 தானே’ என்ற நினைப்பு ஆபத்தானது. முயலுக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். மேட்டின் உச்சியில் வானத்தை முதுகில் வைத்து நிற்கும் முயலை விட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விக்டோரியாவில் முயல் வெளியிலிருந்து வந்து நிலத்தை அழிக்கும் பிராணி. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து இங்கே விட்டவற்றின் வாரிசுகள்தான் இவை. உரிமமும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்தால் சுடலாம். தமிழ்நாட்டு முயல் அந்த மண்ணின் விலங்கு, இனமே வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம்.

சமையலுக்கு வருவோம். கண் வீங்கி, இமை ஒட்டிப்போய், ஆள் வந்தாலும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் முயல் தென்பட்டால் அது மிக்ஸோமடோசிஸ் நோய். அதன் துன்பத்தை முடித்துவைக்கலாம், சாப்பிட வேண்டாம். நல்ல முயலைச் சுட்டதும் அங்கேயே குடலை எடுத்துவிட்டு, நிழலில் தொங்கவிடுங்கள். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கத்தியைத் தொடுங்கள். இளம் முயல் மிளகுப் பிரட்டலுக்கு உடனே பதமாகும். கிழடு என்றால் குக்கரில் கூடுதலாக நாலு விசில் விடுங்கள்.