நேட்டால் போனவர் ஏன் திரும்பி வரல?

கேள்வி: எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் 1885 வாக்குல கரும்புத் தோட்ட வேலைக்கு தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நேட்டால் போனாராம். அஞ்சு வருஷத்துல வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனவர் வரவே இல்ல. அங்க போய் நல்லா வாழ்ந்துக்கிட்டு நம்மள மறந்துட்டாருன்னு வீட்ல இப்பவும் பேச்சு. அப்படித்தான் இருக்குமா? - ஒரு வாசகி, ஆரணி

பதில்: பாவம்மா அவரு, திட்டாதீங்க. அஞ்சு வருஷம்ங்கிறது ஒப்பந்தக் கணக்கு மட்டும்தான். ஊர் திரும்ப சர்க்கார் செலவுல கப்பல் வேணும்னா அங்க பத்து வருஷம் இருந்தாகணும். மெட்ராஸ்ல கப்பல் ஏறும்போது இத எத்தன பேருக்கு புரியும்படி சொல்லியிருப்பாங்க, சொல்லுங்க!

சம்பளம் முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும், அஞ்சாவது வருஷம் 14. அரிசி பருப்பு தனியா கொடுப்பாங்க. தோட்டத்த விட்டு வெளிய போகணும்னா முதலாளிகிட்ட பாஸ் வாங்கணும். இதுல எங்க நல்லா வாழ்றது? 1871ல திரும்பி வந்த முதல் கூட்டம் மெட்ராஸ்ல இறங்கி சொன்ன புகாரக் கேட்டு, அதிகாரிங்க நேட்டால்ல விசாரணையே வெச்சாங்க.

ஆனா குடும்பம்னு ஒன்னு அங்கயே உருவாகிடுச்சு. 100 ஆம்பளைக்கு 40 பொம்பளையாவது அனுப்பணும்னு விதி, அதனால கல்யாணம் ஆகாம போன நிறைய பேருக்கு துணை கெடச்சதே கப்பல்லயோ தோட்டத்து லயத்துலயோதான், சாதி சனம் பாத்து பேசி முடிச்ச கல்யாணம் இல்ல. (ஊருக்கு வரத் தயங்கினதுக்கு இதுவும் காரணமா இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம், எந்த மூஞ்சியோட வந்து நிப்பாங்க?) ஒப்பந்தம் முடிஞ்சதும் அங்க இருக்கிற டர்பன் நகரத்த சுத்தி நிலத்த குத்தகைக்கு எடுத்து காய்கறி போட்டாங்க, விடியறதுக்கு முன்னாடி கூடைய தூக்கிக்கிட்டு வெள்ளைக்காரங்க வீட்டு வாசல்ல போய் வித்தாங்க. பத்து வருஷம் முடியறப்போ புள்ளைங்க பொறந்து வளர்ந்திருக்கும். யார விட்டுட்டு எங்க வர்றது?

இவங்க அங்கயே தங்குறது வெள்ளைக்கார குடியேறிகளுக்குப் பிடிக்கல. 1895 சட்டப்படி அதுக்கப்புறம் ஒப்பந்தத்துல வந்தவங்க மறுபடி கூலியா கையெழுத்து போடணும், இல்ல ஊருக்கு கெளம்பணும், ரெண்டும் வேணாம்னா வருஷம் 3 பவுண்டு வரி கட்டணும். உங்க ஆளு முன்னாடியே போனதால தப்பிச்சார். 1903ல 16 வயசு பையனுக்கும் 13 வயசு பொண்ணுக்கும் கூட வரி வந்துச்சு, அப்பா அம்மா ரெண்டு புள்ளைங்கன்னா வருஷத்துக்கு 12 பவுண்டு! ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், மாசம் 10 ஷில்லிங் சம்பளக்காரன் ரெண்டு வருஷம் தின்னாம இருந்தாதான் அவ்ளோ சேரும். போதாததுக்கு 1913ல கோர்ட் தீர்ப்பு ஒன்னு வந்து, நம்ம முறைல நடந்த கல்யாணமே செல்லாதுங்கிற நிலைமை. இதையெல்லாம் எதிர்த்து காந்தி நடத்தின போராட்டத்துல பொம்பளைங்களும் இறங்கி ஜெயிலுக்குப் போனாங்க, தில்லையாடி வள்ளியம்மை அதுலதான் காய்ச்சல் வந்து 1914 பிப்ரவரியில செத்துப்போச்சு. அதே வருஷம் 3 பவுண்டு வரி ஒழிஞ்சுது, நம்ம கல்யாணத்தையும் ஒத்துக்கிட்டாங்க.

அங்கயே தங்கின நம்மாளுங்க ஆசையெல்லாம் பெருசா ஒன்னும் இல்ல, நம்ம கரும்பு வெட்டினது போதும், புள்ள வெட்டக் கூடாது, அவ்ளோதான். பள்ளிக்கூடம் கட்ட அவங்களே காசு போட்டாங்க, சர்க்கார் பாதி உதவி பண்ணுச்சு. கோயில விட்டுடல, மாரியம்மன் திருவிழாவ ஈஸ்டர் லீவுல வெச்சுக்கிட்டாங்க, தோட்டத்துல அப்பதான லீவு கெடைக்கும்.

கேள்வி: அவரோட வம்சத்த இப்ப தேட முடியுமா? - அதே வாசகி

பதில்: முயற்சி பண்ணலாம். 1860ல இருந்து 1911 வரைக்கும் போன ஒன்றரை லட்சம் பேரோட கப்பல் பதிவு இருக்கு, ஆளுக்கு ஒரு நம்பர், அப்பா பேரு, வயசு, சாதி, ஊரு, ஜில்லா எல்லாம் எழுதியிருப்பாங்க. பேர வெள்ளைக்காரன் காதுல விழுந்த மாதிரி கன்னாபின்னான்னு எழுதியிருப்பான், அதனால ஊர் பேரும் அப்பா பேரும் வெச்சு தேடுங்க. ஆரணி அப்போ வட ஆற்காடு ஜில்லா, திருவண்ணாமலைன்னு தேடிட்டு இல்லன்னு விட்டுடாதீங்க.