சதுரங்கப் பலகை அரிசிக் கணக்கு: 18446744073709551615 பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக் கூட்டினால் 18446744073709551615 வருகிறது. இதைத் தமிழில் எப்படி வாசிப்பது?

வலப்பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கமாகப் பிரியுங்கள்: 184467, 4407370, 9551615. அதாவது 1,84,467 கோடி கோடி, அதோடு 44,07,370 கோடி, அதோடு 95,51,615. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல் பிரூனி என்ற அறிஞர் இதைக் கடைசி இலக்கம் வரை சரியாகக் கணக்கிட்டிருக்கிறார்.

கேள்வி: அவ்வளவு அரிசி உலகத்தில் உண்டா?

கிடையாது. ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் 46,000 கோடி டன் வரும். இன்றைய உலக விளைச்சலில் ஏறக்குறைய 900 ஆண்டு அரிசி. கேரளத்து அம்பலப்புழைக் கோயில் கதையில், இந்த அரிசியைப் பந்தயம் வைத்துச் சதுரங்கத்தில் தோற்ற ராஜா, அதைக் கொடுக்க முடியாமல், கடனுக்கு ஈடாகத் தினமும் பால்பாயசம் படைக்க ஒப்புக்கொண்டது இதனால்தான்.

கேள்வி: 5-இல் முடிவதால் பகா எண் இல்லை என்று தெரிகிறது. முழுசாகக் காரணிப்படுத்தக் கம்ப்யூட்டர் வேண்டுமா அண்ணா?

வேண்டாம் தம்பி, ஒன்பதாம் வகுப்புச் சூத்திரம் போதும். இந்த எண் 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்று பார்த்தால் இரண்டாக உடையும். அதில் சின்னது மறுபடி உடையும். இப்படியே போனால் 3, 5, 17, 257, 65537, கடைசியாக 4294967297. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கேள்வி: 641 என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 4294967297-ஐ வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிவிட்டது!

வகுத்துப் பார்க்காமலும் காட்டலாம். 641 = 5 × 128 + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 128-உம் −1-உம் ஒன்றுதான். இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு) என்பது 1-க்குச் சமம். ஆனால் 641 = 625 + 16. அதனால் 625-க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. 28-உம் 4-உம் 32. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்கு −1-க்குச் சமம். ஒன்று கூட்டினால் மீதி பூஜ்யம். பேப்பரில் ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை வகுஎண்கள்?

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. 2-ஐ ஏழு முறை பெருக்கினால் 128.

கேள்வி: 6700417 இன்னும் உடையாதா?

உடையாது. அதன் காரணிகளும் அதே 64 விதிக்குள்தான் வரவேண்டும். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 641-இலிருந்து அதுவரை அந்த வடிவில் 31 எண்கள்தான். 705, 1025 போன்றவை 5-ஆல் வகுபடுவதால் பார்த்தவுடனே கழிந்துவிடும். மிச்சத்தை ஒரு மாலையில் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.