கீவும் காசாவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உக்ரைன் பற்றிய உங்கள் கட்டுரையில் ரஷ்யாவைக் கடுமையாகக் கண்டித்திருந்தீர்கள். ஐரோப்பியத் தலைவர் ஒருவரின் பேச்சையும் துணைக்கு அழைத்திருந்தீர்கள். அதே தலைவர்கள் காசா என்றதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஈராக்கில் இவர்கள் கூட்டாளிகள் செய்தது என்ன? ஆளுக்கொரு நியாயம் பேசுபவர்களின் கண்டனத்தை நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே?

உங்கள் வாசகர்,
கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் இரட்டை நிலை உண்மை. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: போரின்போது சாதாரண மக்களுக்கு மின்சாரம் கிடைக்காமல் செய்வது.

2022 அக்டோபரில் ரஷ்யா உக்ரைனின் மின்நிலையங்களைக் குறிவைத்து ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் ஏவியது. குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் கரண்ட் போனால் வெறும் இருட்டோடு முடியாது. மோட்டார் ஓடாமல் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் ஏறாது, வீட்டைச் சூடாக்கும் குழாய்கள் உறைந்துபோகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான்டெர் லெயன் அந்த மாதமே ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசினார். குளிர்காலம் வரும் நேரத்தில் ஆண்கள், பெண்கள், குழந்தைகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் செய்வது அப்பட்டமான பயங்கரவாதம், இவை போர்க்குற்றங்கள் என்றார். என் கட்டுரையில் சொன்னது அந்தப் பேச்சைத்தான். அதில் எனக்கு இன்றும் முழு உடன்பாடு.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது. அதற்கு இரண்டாம் நாள் இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் யோவ் கேலண்ட் காசாவை முழுமையாக முற்றுகையிட உத்தரவிட்டார். மின்சாரம் கிடையாது, உணவு கிடையாது, எரிபொருள் கிடையாது என்று கேமரா முன்னாலேயே சொன்னார். காசாவின் ஒரே மின்நிலையம் எரிபொருள் தீர்ந்து அந்த வாரமே நின்றது. ஆஸ்பத்திரிகள் ஜெனரேட்டரை நம்பி ஓடின. 13ஆம் தேதி இஸ்ரேல் போன வான்டெர் லெயன், அந்த நாட்டின் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசினார். முந்தைய ஆண்டு உக்ரைனுக்காகச் சொன்னதைக் காசாவுக்காக அவர் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் 800க்கும் மேற்பட்டவர்கள் இதைச் சுட்டிக்காட்டி அவருக்கே கடிதம் எழுதினார்கள். சொந்த மேலிடத்துக்கு அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

இது மேற்கு நாடுகளின் வியாதி மட்டும் அல்ல. காசா மக்களின் அடிப்படைத் தேவைகளைத் தடுப்பது போரல்ல, படுகொலை என்று துருக்கி அதிபர் எர்டோகன் அதே வாரம் முழங்கினார். மிகச் சரியான பேச்சு. ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான் வடகிழக்கு சிரியாவில் குர்துகள் நிர்வகிக்கும் பகுதியின் மின்நிலையங்கள் மீது அவருடைய விமானப்படை குண்டு வீசியிருந்தது. அங்கேயும் லட்சக்கணக்கானவர்களுக்குக் கரண்டும் தண்ணீரும் நின்றுபோயின.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 24 அன்று போரை அறிவித்த உரையில் புதினும் இதே கேள்வியைத்தான் எழுப்பினார். பெல்கிரேட், ஈராக், லிபியா, சிரியா என்று மேற்கு நாடுகளின் தவறுகளைப் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி நியாயமானது. 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஐ.நா. பாதுகாப்பு சபையின் ஒப்புதல் இல்லாமல் ஈராக்குக்குள் நுழைந்தன. அந்தப் படையெடுப்புக்காக அன்றைய அமெரிக்க அதிபர் புஷ்ஷோ பிரிட்டன் பிரதமர் பிளேரோ எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. அந்த அநீதியைக் காட்டித்தான் புதின் தன் அநீதிக்கு வழி செய்துகொண்டார். 'எல்லாரும் ஒன்றுதான், யார் பேச்சையும் கேட்காதே' என்ற முடிவு அவருக்குத்தான் வசதி. நாளைக்கு நெதன்யாகுவுக்கும் அது வசதி. குண்டு விழும் வீட்டில் இருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தைப் பாருங்கள். உக்ரைனின் மின்கட்டமைப்பைத் தாக்கியதற்காக 2024இல் ரஷ்யத் தளபதிகள் மீதும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு மீதும் பிடிவாரண்ட் பிறப்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் நெதன்யாகு, கேலண்ட் மீதும் பிறப்பித்தது. காசாவுக்கு உணவு, தண்ணீர், எரிபொருள், மின்சாரம் கிடைக்காமல் செய்தது அதற்கான காரணங்களில் ஒன்று. அன்றைக்கே ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃப் மீதும் வாரண்ட் வந்தது. 2023இல் புதின் மீதான வாரண்ட் நியாயமானது என்று சொன்ன அன்றைய அமெரிக்க அதிபர் பைடன், நெதன்யாகு மீதான வாரண்டை அக்கிரமம் என்றார். அந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் கரீம் கானை ரஷ்யா 2023இல் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. 2025இல் அமெரிக்கா அவர் மீது தடை விதித்தது. இரண்டு வல்லரசுகளுக்கும் ஒரே மனிதர் மேல் கோபம் வருகிறது என்றால், அவர் கையில் இருந்த சட்டம் இரண்டு பக்கமும் பாய்ந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதனால் வான்டெர் லெயனின் 2022 பேச்சை இனியும் மேற்கோள் காட்டுவேன். அவர் எந்த ஊருக்காகச் சொன்னாரோ அதற்கு மட்டுமல்ல, அவர் சொல்ல மறுத்த ஊருக்கும் சேர்த்து. உங்களுக்கு இன்னும் உடன்பாடு இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.